எழும்பூரின் செங்கல்லும் சுண்ணாம்பும்

கேள்வி: எழும்பூர் ரயில் நிலையத்தை மேம்படுத்தும் திட்டத்துக்கு 2022இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பழைய கட்டடத்தைத் தொடாமல் விடுவதா, காலத்துக்கேற்ப மாற்றுவதா?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: இரண்டும் வேண்டும், ஆனால் ஒரே இடத்தில் அல்ல. மின்தூக்கி, நகரும் படிக்கட்டு, சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஆகியவை இல்லாமல் முதியவர்களை அல்லாட விடுவது நியாயமாகாது. அவற்றையெல்லாம் 1908இல் திறக்கப்பட்ட முதன்மைக் கட்டடத்தை மறைக்காமல் புதிய பகுதிகளில் அமைத்துக்கொள்ளலாம்.

என் கவலை வேறு. அந்நாளைய கட்டடங்களில் செங்கற்களுக்கு இடையே இருப்பது சுண்ணாம்புச் சாந்து. அது ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளியே விடும். விரிசல் கண்டவுடன் அவசரமாகச் சிமென்ட் பூசினால், வெளியேற வழியற்ற ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, அதிலுள்ள உப்பு பூத்து, கல்லின் முகம் பொடிப்பொடியாக உதிரத் தொடங்கும். சுவரில் விரல் வைத்துத் தேய்த்தால் சிவப்புத் தூள் ஒட்டிக்கொள்வதைப் பல பழைய கட்டடங்களில் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. மேலே வண்ணப்பூச்சு அடிப்பது நோயை மறைக்குமே தவிரத் தீர்க்காது. செட்டிநாட்டு வீடுகளைப் பழுதுபார்க்கும் கொத்தனார்களிடம் சுண்ணாம்புப் பக்குவம் இன்னும் இருக்கிறது. அத்தகையோரை ஒப்பந்தத்திலேயே கட்டாயமாகச் சேர்க்க வேண்டும்.

1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் நிலையத்தின் தூண்களையும் ஒருமுறை சென்று பாருங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட அந்த இடத்துக்கும் இதே பராமரிப்பு தேவை.