யுவானில் சம்பளம், ரூபாயில் கடன்

கேள்வி: ஷாங்காயில் கார் உதிரிபாக நிறுவனத்தில் பொறியாளராக இருக்கிறேன். ஒப்பந்தச் சம்பளம் 36,000 யுவான். வரி போகக் கைக்கு 31,000 அளவில் வருகிறது. பிள்ளைகளுக்கு வயது 8, 5. பள்ளிக் கட்டணத்தை நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. வாடகை 11,000 யுவான் நான் கொடுக்கிறேன். கோவையில் கடை வைத்திருக்கும் தம்பிக்கு மாதம் 6,000 யுவான் அனுப்புகிறேன். அதில் அவனுடைய பர்சனல் லோன் தவணை 31,000 ரூபாய், மீதி சரக்கு வாங்க. ஞாயிற்றுக்கிழமைச் செலவு மாதம் 2,500 யுவான் இந்தியக் கிரெடிட் கார்டில் போகிறது. ஒரே வருடத்தில் கார்டு பாக்கி 3,40,000 ரூபாய். மாதம் 17,000 கட்டியும் குறையவில்லை. வெளியே போவதையே நிறுத்திவிடலாமா? நண்பர் ஒருவர் ஹாங்காங்கில் விற்கும் டாலர் சேமிப்புக் காப்பீட்டுப் பாலிசி எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: பிள்ளைகளை வீட்டுக்குள் அடைக்க வேண்டாம். உங்களைக் கடனாளி ஆக்கியது ஞாயிற்றுக்கிழமை இல்லை. சம்பளம் வந்ததும் யுவானை ரூபாயாக்கித் தம்பிக்கு அனுப்புகிறீர்கள். பிறகு ரூபாயில் கடன் வாங்கி அதை யுவானாக்கிச் செலவு செய்கிறீர்கள். பணம் இரண்டு முறை எல்லை தாண்டுகிறது, இரண்டு முறையும் கமிஷன் உங்கள் தலையில்.

ஒரு யுவான் 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போனில் பணம் செலுத்தும் அலிபே செயலியில் வெளிநாட்டுக் கார்டை இணைத்திருந்தால், ஒரு பில் 200 யுவானைத் தாண்டியதும் 3 சதவீதம் கட்டணம். நாணய மாற்றுக்கு இந்திய வங்கி போடும் மார்க்அப் பெரும்பாலும் 3.5 சதவீதம், ஜிஎஸ்டி சேர்த்தால் 4.13. ஆக 7 சதவீதத்துக்கு மேல். டிஸ்னிலாண்டுக்கு 719 யுவான் டிக்கெட் நாளில் நால்வரும் போனால், பிள்ளைகளுக்கான சலுகை போக, 2,516 யுவான். அதில் 180 யுவான் வெறும் கட்டணம். ஷாங்காய் மிருகக்காட்சிசாலையில் பெரியவர் டிக்கெட்டே 40 யுவான்தான்.

வட்டி இதைவிட மோசம். மாதம் 3.5 சதவீதம் என்றால் உங்கள் பாக்கிக்கு 11,900 ரூபாய், ஜிஎஸ்டியோடு 14,000. கட்டும் 17,000-இல் அசலுக்குப் போவது 3,000. அதே மாதம் புதிதாக 30,000 தேய்க்கிறீர்கள். பழைய பாக்கி நிற்கும்வரை புதுச் செலவுக்கு வட்டியில்லா நாட்களும் கிடையாது. தேய்த்த அன்றே வட்டி ஓடத் தொடங்கும். ஆண்டுக்கு ஏறக்குறைய 50 சதவீத வட்டியில் வாங்கித் தம்பியின் கடைக்குச் சரக்குப் போடுகிறீர்கள். எந்தக் கடையும் அந்த லாபம் தராது.

இன்றே அலிபேயிலிருந்தும் வீசாட்டிலிருந்தும் இந்தியக் கார்டை நீக்கிவிட்டு, சம்பளம் வரும் சீன வங்கிக் கார்டை மட்டும் வையுங்கள். அதற்கு இந்தக் கட்டணங்கள் இல்லை. அடுத்து, கார்டு பாக்கி முழுவதையும் தவணையாக மாற்றித் தரச் சொல்லி வங்கியிடம் கேளுங்கள். 16 சதவீத அளவில் கொடுத்தால், 9 மாதத்துக்கு மாதம் சுமார் 41,000 ரூபாய், அதாவது 3,400 யுவான். அந்தப் பணம் தம்பியிடம் இருக்கிறது. அவருடைய லோன் தவணைக்கான 2,600 யுவானை மட்டும் அனுப்புங்கள்; சரக்குப் பணம் 3,400 நிற்கட்டும். பண்டிகைக்கு முன்னால் சொல்லாமல், இந்த மாதமே, எத்தனை மாதம் என்று கணக்கோடு சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம்" என்று இழுத்தால் அடுத்த வாரமே அவசரம் என்று போன் வரும்.

இதுவரை மினிமமாகக் கட்டிய 17,000-க்கான 1,400 யுவான் இப்போது மிச்சம். அதுதான் உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பணம், அது போதும். செஞ்சுரி பார்க் நுழைவு இலவசம். மெட்ரோவில் 1.3 மீட்டருக்குக் குறைவான பிள்ளை, ஆளுக்கு ஒருவர் வீதம், கூட வரும் பெரியவரோடு இலவசம். சூச்சோவுக்கு அதிவேக ரயிலில் இரண்டாம் வகுப்பு 40 யுவான் அளவில். 8 வயதுக்குப் பாதி, தனி இருக்கை கேட்காத 5 வயதுக்கு இல்லை. போய்வர 200 யுவான். அங்கே ஜின்ஜி ஏரிக்கரையில் நாள் முழுக்க இருக்கலாம். அக்டோபர் முதல் வாரம் மட்டும் எங்கேயும் கிளம்பாதீர்கள், கூட்டம் நெரிக்கும். டிஸ்னிலாண்டுக்கு 475 யுவான் நாளாகப் பாருங்கள், நால்வருக்கு 1,662 வரும். இரண்டு மாதக் காசைச் சேர்த்துப் போகலாம். சூடாக்கத் தேவையில்லாத வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடுகிறார்கள். புளியோதரையை பிளாஸ்டிக் டப்பாவில் கட்டுங்கள். கண்ணாடிப் பாத்திரம் வாசலிலேயே நின்றுவிடும்.

ஹாங்காங் பாலிசிப் பேச்சை இப்போது எடுக்கவே வேண்டாம். விளம்பரத்தில் காட்டும் வருமானத்தில் பெரும்பகுதி உத்தரவாதமில்லாதது. முதல் சில வருடங்களில் பாலிசியை இடையில் முறித்து சரண்டர் செய்தால் கட்டியதில் பெரும்பகுதி போய்விடும். 50 சதவீதக் கடனை அடைப்பதற்கு ஈடான முதலீட்டை எந்த ஏஜென்ட்டும் காட்ட முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்று: வெளிநாட்டு ஊழியர் வாடகைக்கு சீனாவில் வருமான வரி விலக்கு 2027 டிசம்பர் இறுதிவரை உண்டு. ஆனால் வாடகையை நிறுவனம் ஃபாபியாவ் என்ற அதிகாரப்பூர்வ வரி ரசீதின் பேரில் திருப்பித் தருவதாக ஒப்பந்தம் இருக்க வேண்டும். சம்பளத்தில் 11,000 யுவானை அப்படிப் பிரித்தால், என் தோராயக் கணக்கில் ஆண்டுக்கு 30,000 யுவான் வரி குறையும். ரசீது கேட்டால் வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டுவார். மாதம் 500, 600 கூடினாலும் உங்களுக்கு லாபம்தான். பிள்ளைகள் கல்வி, வாடகை போன்றவற்றுக்கான சிறப்பு வரிக் கழிவுகளை ஏற்கெனவே எடுத்துவந்தால் இரண்டும் சேர்ந்து கிடைக்காது, வருட நடுவில் மாற்றவும் முடியாது. அதனால் ஜனவரிச் சம்பளத்துக்கு முன்பே மனிதவளத் துறையில் பேசிவிடுங்கள்.