செடில் காவடி எடுப்பவர் எல்லாரும் பாவம் செய்தவர்களா?

இல்லை. கண்ணகியை அம்மனாகக் கும்பிடுகிற முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் பொங்கலில், முதுகில் செடில் என்கிற கொக்கியைக் குத்தி வருகிறவர்களில் பலருக்கு அது நேர்த்திக்கடன். பிள்ளைக்குச் சுகம் வந்தது, காணாமல் போன மாடு திரும்பியது. வாக்குக் கொடுத்தபடி கடனைத் தீர்க்கிறார்கள், அவ்வளவுதான். செய்த பிழைக்காகத் தன்னைத் தானே வருத்துவது பிராயச்சித்தம். அது வேறு.

அதற்கு நல்ல உதாரணம் கண்ணகி கதைக்குள்ளேயே இருக்கிறது. மதுரையை எரித்த கண்ணகிக்கு மதுராபதித் தெய்வம் சொல்லும் கதை: இரவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிய பாண்டியன், அந்தக் குற்றத்துக்காகத் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டான். அரசனைத் தண்டிக்க மேலே ஆள் இல்லை. அதனால் குற்றவாளியும் நீதிபதியும் அவனேதான்.

எங்கள் வீட்டில் நடந்தது சின்ன விஷயம். அம்மம்மா கட்டின கன்று இரவில் கயிறு கழுத்தில் சுற்றிச் செத்துப்போனது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவ பால்தேத்தண்ணி குடிக்கவில்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணிதான். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கேட்டால், "தாய்ப்பசு கத்தினது காதுக்குள்ள நிக்குது" என்பா.

மடு மாதா கோவிலுக்குப் போகிற கத்தோலிக்கரிடம் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள்: பாவசங்கீர்த்தனம் செய்து, அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி, செபமும் ஒறுத்தலும் முடித்தாலும், களவெடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பக்கத்து வயலின் வரம்பை வெட்டித் தன் பக்கம் சேர்த்தவர் நாற்பது நாள் விரதம் இருக்கலாம். வரம்பு பழைய இடத்துக்கு வராவிட்டால், பட்டினி மட்டும்தான் மிச்சம்.