பேய் தோன்றியதும் பார்வையாளர் சிரிக்கும் காட்சி

உங்கள் நாடகத்தின் இரண்டாம் காட்சியிலிருந்து பேயை எடுத்துவிடுங்கள். அதைக் கண்டு உறைந்துபோகும் மனிதரை மட்டும் மேடையில் நிறுத்துங்கள்.

ஒத்திகையில் பேய் வந்ததும் எல்லோரும் சிரித்துவிட்டதாகவும், அதன்பின் ஒரு வரிகூட எழுத வரவில்லை என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். திரைப்படத்தை மனத்தில் வைத்து எழுதியதே இதற்குக் காரணமாக இருக்கலாம். கேமரா மறைத்துவிடும் குறைகளை மேடை மறைப்பதில்லை. அங்கே வெள்ளைத் துணி வெள்ளைத் துணியாகவே தெரியும்.

‘தி வுமன் இன் பிளாக்’ என்ற பேய் நாடகம் உருவான விதம் உங்களைப் போன்ற சிறு குழுவுக்கு மிகுந்த ஊக்கம் தரும். 1987-இல் இங்கிலாந்தின் ஸ்கார்பரோ நகர அரங்கு ஒன்றில் பணம் ஏறக்குறையத் தீர்ந்திருந்த நிலையில், சூசன் ஹில்லின் நாவலை ஸ்டீபன் மல்லட்ராட் பேசும் நடிகர்கள் இருவரே போதும் என்ற அளவில் நாடகமாக்கினார். அதில் ஒரு பிரம்புப் பெட்டியே குதிரை வண்டியாகிறது; காணாத விபத்தை ஒலி மட்டுமே நம்பவைக்கிறது. லண்டன் ஃபார்ச்சூன் அரங்கில் அது 1989 முதல் 2023 வரை நடந்தது.

பிரதியைப் படிக்காத ஒருவரை இருட்டில் அமர்த்தி, உங்கள் காட்சியை வசனமும் ஒலியுமாக மட்டும் கேட்கச் செய்யுங்கள். அவர் எங்கே அசையாமல் கேட்கிறாரோ, அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள்.

ஆனால் உத்தியைக் கற்கலாமே தவிர, உரிமம் பெறாமல் ‘தி வுமன் இன் பிளாக்’ பிரதியை மேடையேற்றக் கூடாது. இருட்டில் நடிகர்கள் தடுக்கி விழாதபடி, படிகளின் விளிம்பில் ஒளிரும் நாடாவை ஒட்டிவிடுங்கள்.