ஜப்பானின் இசுமோ தைஷா ஆலயத்தில் வழிபடும் முறை, ஜப்பானிய மரபுச் சமயமான ஷின்டோவின் மற்ற ஆலயங்களிலிருந்து வேறுபடுமா?

ஆமாம், கைதட்டலில். பொது வழக்கம் இருமுறை குனிந்து, இருமுறை தட்டி, ஒருமுறை குனிவது. இசுமோவில் நான்கு முறை தட்ட வேண்டும்.

இரண்டாவது தோரி வாயிலைத் தாண்டியதும் பாதை கீழ்நோக்கி இறங்கும். ஷின்டோ ஆலயங்களில் இது அபூர்வம். அங்கே வலப்பக்கம் ஹராயே நோ யாஷிரோ என்ற சின்னச் சந்நிதி இருக்கிறது. முதலில் அங்கே வணங்கிவிட்டுத்தான் தொடர்ந்து போக வேண்டும். பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். பைன் மரச்சாலையில் ஓரமாக நடங்கள், நடுவில் நடந்தால் வேர்கள் கெடும்.

கை கழுவுமிடத்தில் ஒரே அகப்பைத் தண்ணீரில் எல்லாம் முடிய வேண்டும். முதலில் இடக்கை, பிறகு வலக்கை. அடுத்து இடது உள்ளங்கையில் ஊற்றி வாய் கொப்பளித்து, அந்தக் கையை மறுபடி கழுவ வேண்டும். மிச்சத் தண்ணீர் கைப்பிடியில் வழியும்படி அகப்பையை நிமிர்த்தி வையுங்கள். முதல் கைக்கே பாதியைக் கொட்டிவிட்டால் கடைசியில் பிடிக்குத் தண்ணீர் இருக்காது. அகப்பையில் வாய் வைக்கவே கூடாது.

1744இல் கட்டிய, 24 மீட்டர் உயர மூலக்கோயிலுக்குள் பொதுமக்களுக்கு அனுமதியில்லை. அதன் முன்னுள்ள யாத்சுவாஷி வாயிலில் நின்றே கும்பிடலாம். ஆனால் உள்ளே மூலவரான ஒகுனினுஷி மேற்கு நோக்கி இருக்கிறார். அதனால் சுற்றிப்போய் மேற்குப் பக்கத்திலும் வணங்குவதே சரி.

யாத்சுவாஷி வாயில் முன் தரையில் மூன்று வட்டங்களைப் பாருங்கள். மூன்று மரங்களைச் சேர்த்துக் கட்டிய பழங்காலத் தூண் 2000இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட இடம் அது.

காகுராதென் மண்டபத்துப் பெரிய வைக்கோல் வடத்தில் காசைச் செருகாதீர்கள். அது மரபல்ல, வடம்தான் பாழாகும்.