போதைப்பொருளை உடம்பு என்ன செய்கிறது? கேள்வி பதில்

மருந்தியல் பாடம் நடத்துபவன் என்ற முறையில் என்னிடம் வந்த சில கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: சார், எதை எடுத்தாலும் கல்லீரல் உடைத்துவிடும், நிறையத் தண்ணீர் குடித்தால் போதும் என்கிறார்களே?

உடைப்பது உண்மை. உடைத்ததும் ஆபத்து தீர்ந்துவிடும் என்பதுதான் தப்பு. ஹெராயின் இரத்தத்தில் சில நிமிடங்கள்தான் தாங்கும். உடம்பு அதை அசிட்டைல் மார்ஃபினாகவும் பிறகு மார்ஃபினாகவும் மாற்றுகிறது. போதையும் மூச்சு மந்தமாவதும் பெரும்பாலும் இவற்றால்தான். இந்த மாற்றத்தைச் செய்யும் நொதிகளை (என்சைம்களை) தண்ணீர் குடித்து வேகப்படுத்த முடியாது.

கேள்வி: அப்படி உடம்பே மாற்றி, மூளை கெட்டுப்போன சம்பவம் உண்டா?

உண்டு. 1982, கலிஃபோர்னியா. பெத்திடின் என்ற வலி மருந்தின் வகைப் பொருள் ஒன்றைத் திருட்டுத்தனமாகக் காய்ச்சி, செயற்கை ஹெராயின் என்று விற்றார்கள். தயாரிப்பு பிசகியதில் எம்பிடிபி என்ற பொருள் அதில் சேர்ந்துவிட்டது. ஊசி போட்டுக்கொண்ட சிலர் சிறு வயதிலேயே அசைய முடியாமல், பேச முடியாமல் உறைந்துபோனார்கள். பார்த்தால் முற்றிய பார்க்கின்சன் நோய்! காரணத்தைத் துப்பறிந்தவர் நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன்.

விஷயம் என்னவென்றால், எம்பிடிபி அந்த வடிவத்தில், உடல் அசைவைக் கட்டுப்படுத்த உதவும் மூளையின் டோபமைன் செல்களைக் கொல்வதில்லை. கொழுப்பில் கரைவதால் மூளைக்குள் சுலபமாகப் போய்விடும். அங்கே துணைச் செல்களில் உள்ள எம்ஏஓ-பி நொதி அதை எம்பிபி அயனியாக மாற்றுகிறது. டோபமைன் செல்கள் இதையும் டோபமைனைப் போலவே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. உள்ளே போனதும் மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தியை முடக்குகிறது, செல் சாகிறது. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்த குரங்குகள் தப்பித்தன. அதுவே போதுமான சாட்சி.

கேள்வி: கோக்கெயினோடு மது?

இரண்டும் சேர்ந்தால் கல்லீரல் கோக்கஎத்திலீன் என்ற மூன்றாவது பொருளைத் தயாரிக்கும். கோக்கெயினைவிட அதிக நேரம் உடம்பில் இருக்கும். இதயத்துக்கு ஆகவே ஆகாது.

கேள்வி: எக்ஸ்டசி போதை மாத்திரை ஒன்று ஏறவில்லை என்றால் இன்னொன்று போடலாமா ப்ரோ? மூளை கெடும் என்ற ஆய்வே பொய்யாமே?

வேண்டாம் தம்பி. தன்னை உடைக்கும் நொதியையே அது முடக்கிவிடும். இரண்டாவது மாத்திரையில் இரத்த அளவு இரட்டிப்பாகாது, அதற்கும் மேலே போகும். உடம்புச் சூடு கட்டுக்கடங்காமல் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

நீங்கள் சொல்லும் ஆய்வு 2002இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. பாட்டில் மாறி, குரங்குகளுக்கு மெத்தாம்ஃபெட்டமைன் போயிருந்தது தெரிந்து அடுத்த ஆண்டே திரும்பப் பெற்றார்கள். எக்ஸ்டசி டோபமைன் செல்களைக் கெடுக்கும் என்ற அந்த முடிவுதான் விழுந்தது. எக்ஸ்டசி அதிக அளவில் போனால், மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் நரம்பு முனைகள் சேதமாவதை வேறு விலங்கு ஆய்வுகள் ஏற்கெனவே காட்டியிருக்கின்றன. ஒரு ஆய்வு போனதால் மாத்திரை நல்லதாகிவிடாது.

கேள்வி: கஞ்சாவை விட்டு மூன்று வாரம் ஆச்சு என்கிறான் என் மகன். சிறுநீர்ச் சோதனையில் பாசிட்டிவ். பொய் சொல்கிறானா?

இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாதும்மா. தினமும் புகைத்தவர்களுக்குக் கொழுப்பில் தங்கியது மெதுவாகத்தான் கசியும். சில வாரங்கள் பாசிட்டிவ் வருவது சகஜம். சோதனை தேடுவதும் போதை தராத கழிவைத்தான். ஒரு வாரம் விட்டு மறுபடி எடுங்கள். சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினோடு ஒப்பிட்டு அளவு சொல்லும் லேபாகப் பாருங்கள். எண் இறங்கிக்கொண்டே வந்தால் பையன் சொல்வதை நம்பலாம்.