குழந்தைகளின் கணையமும் எம்.ஆர்.ஐ. படமும்: மதுரை வட்டாரப் பெற்றோரின் கேள்விகளுக்குக் குழந்தைகள் கதிரியல் மருத்துவரின் பதில்கள்

மேலூரிலிருந்து ஒரு தாய்: டாக்டர், என் 8 வயது மகனுக்குக் கணைய அழற்சி இரண்டாம் முறையாக வந்துள்ளது. சி.டி. ஸ்கேன் எடுத்தாயிற்று. பித்த, கணைய நாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படமான எம்.ஆர்.சி.பி.யும் அவசியமா?

பதில்: அவசியம்தான் அம்மா. சிறுவர்களுக்கு அழற்சி திரும்ப வந்தால், கணைய நாளத்தின் (செரிமான நீரைக் குடலுக்குக் கொண்டு செல்லும் குழாயின்) பிறவி அமைப்பிலோ மரபணுவிலோ காரணம் இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும். எம்.ஆர்.சி.பி. படத்தில் தேங்கிய திரவம் மட்டும் வெண்மையாகத் தெரிவதால், கதிர்வீச்சும் ஊசி மருந்தும் இல்லாமலே பித்த நாளத்தையும் கணைய நாளத்தையும் பார்த்துவிடலாம். கருவில் இரண்டு மொட்டுகளாகத் தோன்றும் கணையத்தின் நாளங்கள் இணையாமல் போயிருந்தால், முதன்மை நாளம் பித்த நாளத்தைக் குறுக்கே கடந்து, சற்று மேலே தனித் துளையில் திறப்பது தெரியும். ஆனால், இவ்வமைப்பு நலமாக இருக்கும் பலரிடமும் காணப்படுவதால், அதை மட்டும் காரணமாகக் கொண்டு சிகிச்சைக்கு விரைவதை நான் ஏற்பதில்லை. பித்த நாள நீர்க்கட்டி உள்ளதா என்பதையும் அதே படத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு தந்தை: 13 வயது மகளின் அறிக்கையில் ‘டி1 படத்தில் (எம்.ஆர்.ஐ. பட வகைகளில் ஒன்று) கணையத்தின் வெண்மை குறைந்துள்ளது’ என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் டி1 படத்தில், செரிமான நொதிகளை உருவாக்கும் செல்களில் புரதம் நிறைந்திருப்பதால், நலமான கணையம் கல்லீரலைவிட வெண்மையாக இருக்கும். அழற்சியாலோ நார்த்திசு படர்வதாலோ அது மங்கும். மங்கல் ஒன்றை மட்டும் வைத்து நாள்பட்ட கணைய நோய் என்று முடிவு கட்ட முடியாது. நாளம் விரிந்தோ கோணியோ இருக்கிறதா, சுரப்பி சுருங்கியுள்ளதா என்பவையும் சேர வேண்டும். தென்னிந்தியாவில் இளம் வயதிலேயே கணையக் கல் உருவாகும் நோய் உண்டு. எம்.ஆர்.சி.பி. படத்தில், வெண்மையான நாளத்துக்குள் கல் கறுப்பு இடைவெளியாகத் தெரியும் என்றாலும், சிறு சுண்ணப் படிவுகளைச் சி.டி.யே நன்றாகக் காட்டும் என்பதால் பழைய படங்களையும் கொண்டு செல்லுங்கள். இரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

திருமங்கலத்திலிருந்து: சைக்கிள் ஹேண்டில்பார் வயிற்றில் குத்திய என் மகனுக்குக் கணையத்தருகே நீர் கோத்திருக்கிறது என்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதுகெலும்போடு நசுங்கிய இடத்தில் கணைய நாளம் அறுந்துள்ளதா என்பதே முதல் கேள்வி, சிகிச்சை அதைப் பொறுத்தே அமையும். கோத்த நீர் சுவர் சூழ்ந்த நீர்க்கட்டியாக உருவாகப் பொதுவாக 4 வாரங்களாவது ஆகும்.

அண்ணாநகரிலிருந்து: எம்.ஆர்.சி.பி. ஸ்கேனுக்கு முன் அன்னாசிச் சாறு கொடுப்பது ஏன்?

பதில்: அதிலுள்ள மாங்கனீசு இரைப்பைத் திரவத்தின் வெண்மையைக் குறைப்பதால், நாளங்கள் மறைக்கப்படாமல் தெரியும். குழந்தைக்கு மயக்க மருந்து தருவதாக இருந்தால், மயக்கவியல் மருத்துவரைக் கேட்காமல் சாறு உட்பட எதையும் கொடுக்காதீர்கள்.