அம்மாயியின் ஊரைத் தேடும் தங்கைக்கு

1977இல் மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்த அம்மாயியின் தோட்டப் பெயர் தெரியவில்லை, பத்திரங்கள் 2009 போர் இடப்பெயர்வில் போய்விட்டன என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டுக் கதையும் இதேதான்.

முதலில் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் கேளுங்கள். உங்கள் காணிக்கு அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டிருந்தால் அதன் பதிவு அங்கே இருக்க வேண்டும். அடுத்து, அம்மாயியின் பிள்ளைகளில் மலையகத்தில் பிறந்தவர் யாராவது இருக்கிறாரா? அவருடைய பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடமாகத் தோட்டத்தின் பெயர் இருக்கக்கூடும். இருந்தால் அதுவே உங்களுக்கு நல்ல நூல்முனை.

வந்த காரணத்தை ஒரே ஆண்டில் தேடாதீர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1970களின் நடுவில் தோட்டங்களில் பட்டினிச்சாவு விழுந்தது. 1977 ஆகஸ்டில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல் மிச்சமிருந்த நம்பிக்கையையும் எரித்தது. கிளிநொச்சி உள்ளிட்ட வன்னிக்கு வந்தவர்கள் காட்டை வெட்டிக் குடியேறினார்கள். அவர்களுக்குக் கைகொடுத்த காந்தியம் அமைப்பின் மருத்துவர் இராஜசுந்தரம் 1983இல் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அந்தப் பெயரை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

இன்னொன்று: ஊர் மாரியம்மன் கோயிலில் மூத்தவர்களிடம் பேசுங்கள். எந்தத் தோட்டத்திலிருந்து யாருடன் லொறியில் வந்தார்கள் என்பது அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். "எந்த லயம்?" (தோட்டத்து வரிசை வீடு) என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக வரும். தள்ளிப்போடாமல் இந்த மாதமே போங்கள். எங்கள் தாத்தாவிடம் கேட்க நான் பிந்திவிட்டேன்.